கோப்பி-ஓ கொசோங்கும் கெண்டைக்கால் சதையும்

எங்க புளோக்குக்குக் கீழ இருக்குற காப்பிக்கடையில காலைல ஆறே முக்காலுக்கு ரெண்டு தமிழ் ஆளுங்க உக்காந்திருப்போம். ஒருத்தர் 74 வயசு மாமா. மாமான்னா உறவு இல்ல, சிங்கப்பூர் யீஷூன்ல இந்தப் பக்கம் குடிவந்த நாள்லேர்ந்து அப்படிக் கூப்பிட்டுப் பழகிப்போச்சு. துறைமுகத்துல மூட்டை தூக்கி, கிரேனுக்குக் கொக்கி மாட்டி, கடைசில சூப்பர்வைசரா ரிட்டயர் ஆனவரு. இன்னொரு ஆள் நான், 48 வயசு, ஆபீஸ்ல உக்காந்து எந்தக் கன்டெய்னர் எங்க நிக்குதுன்னு ஸ்க்ரீன்ல பாக்குற வேலை. அவரு முதுகால தூக்கினத நான் மவுஸால தூக்குறேன்.

மாமா குடிக்கிறது வெறும் கோப்பி. இங்க கோப்பின்னு மட்டும் கேட்டா கண்டென்ஸ்டு மில்க் போட்டுத்தான் வரும், க்ளாஸுக்கு அடியில ஒரு விரக்கடை உயரத்துக்கு வெள்ளையா நிக்கும். அவரு அதைக் கலக்கவே மாட்டாரு, மேல இருக்குற கசப்பைக் குடிச்சிட்டு கடைசில அந்தப் பாலை ஸ்பூனால வழிச்சு வாயில போட்டுக்குவாரு, சின்னப்புள்ள மாதிரி. ஒரு நாளைக்கு மூணு க்ளாஸ். என்னோடது கோப்பி-ஓ கொசோங், பால் இல்ல, சீனி இல்ல, கடை ஆன்ட்டி என் தலையைப் பாத்ததுமே "கொசோங் ஆ?"ன்னு கேட்டுட்டு பதிலுக்குக் காத்திருக்காம துணி வடிகட்டிய உயரத் தூக்கி ஊத்த ஆரம்பிச்சிடுவாங்க. இதுல யாருக்கு சுகர் வந்திருக்கணும்? எனக்குத்தான் வந்துச்சு. 2021-ல பாலிகிளினிக்ல வெறும் வயித்துல எடுத்தது இங்கத்த கணக்குல 6.4, ஊர்க்கணக்குல 115. இன்னும் டயபட்டீஸ் இல்ல, வாசப்படில நிக்கிறீங்கன்னு டாக்டர் சொன்னாங்க. மாமாவுக்கு 5.3. ரிப்போர்ட்ட மடிச்சு சட்டைப்பைல வச்சுக்கிட்டு மூணாவது கோப்பி சொன்னாரு மனுஷன்.

எனக்கு வயித்தெரிச்சல்னா அப்படி ஒரு வயித்தெரிச்சல்.

அந்த நேரம் பாத்துத்தான் வீட்டுக்காரம்மாவோட சித்தி பொண்ணு ஒரு டப்பாவோட வந்துச்சு. "அத்தான், இது சாதாரண காபி இல்ல, இதைக் குடிச்சா தசைல இருந்து ஐரிசின்னு ஒரு ஹார்மோன் சுரக்கும், அது கெட்ட கொழுப்ப நல்ல கொழுப்பா மாத்தும், நீங்க நடக்கவே வேணாம்." 20 சாஷே, விலையைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. நான் வாங்கினேன். நடக்கவே வேணாம்னு சொன்னா யாருதான் வாங்க மாட்டா. ரெண்டு வாரம் குடிச்சேன், நெஞ்சு படபடன்னு அடிச்சுது, ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேனப் பாத்துக்கிட்டு படுத்திருந்தேன், எடை அரைக் கிலோ குறைஞ்சு அடுத்த வாரமே திரும்பி வந்துச்சு. மீதிய குப்பை போடுற குழாய்ல போட்டுட்டேன். அதுல என்ன இருந்துச்சுன்னு நான் சோதிச்சுப் பாக்கல. ஆனா இங்க சுகாதார அறிவியல் ஆணையம் ஸ்லிம்மிங் காபிங்கிற பேர்ல விக்கிற சரக்குல சிபுட்ராமின் கலந்திருந்ததக் கண்டுபிடிச்சு எத்தனையோ தடவ எச்சரிக்கை விட்டிருக்கு. அது பசியைக் கட்டுற மருந்து, மாரடைப்பும் பக்கவாதமும் வர வாய்ப்பு கூடுதுன்னு 2010-லயே சிங்கப்பூர்ல நிறுத்திட்டாங்க. அதனால சாஷே காபின்னு யாராவது சொந்தக்காரங்க வந்தா வாங்கறதுக்கு முன்னாடி அந்த ஆணையத்தோட பக்கத்துல ஒரு தடவ தேடிப் பாருங்க, உறவு அப்புறம் சரி பண்ணிக்கலாம்.

ஆனா அந்தப் பொண்ணு சொன்ன வார்த்தை மட்டும் மண்டையில ஒட்டிக்கிச்சு. தசையில இருந்து ஹார்மோனா? தைராய்டு கேள்விப்பட்டிருக்கேன், கணையம் தெரியும், இன்சுலின்தான் நம்ம குலதெய்வம். தசைன்னா அது இழுக்கும், தூக்கும், வலிக்கும், அவ்வளவுதானே. அதுலேர்ந்துதான் ஒவ்வொண்ணா படிக்க ஆரம்பிச்சேன், இப்ப நாலு வருஷம் ஆகுது, அந்தப் பொண்ணு சொன்னதுல பாதி நெசம்னு தெரிஞ்சப்ப எனக்கே ஆச்சரியம்.

கதை டென்மார்க்ல ஆரம்பிக்குது. கோபன்ஹேகன்ல பென்ட்டே கிளார்லுண்ட் பெடர்சன்னு ஒரு டாக்டரம்மா. உடற்பயிற்சி பண்ணும்போது ரத்தத்துல இன்டர்லூக்கின்-6னு ஒரு பொருள் தாறுமாறா ஏறுது, இது காய்ச்சல், அழற்சி வந்தா ஏறுற சமாச்சாரமாச்சே, நல்லா ஓடுறவனுக்கு எதுக்கு ஏறுதுன்னு கேள்வி. 2000-ல அவங்க குழு பண்ணின சோதனை எனக்கு ரொம்பப் புடிச்சது. ஆறு பேர உக்கார வச்சு ஒரே ஒரு காலை மட்டும் அஞ்சு மணி நேரம் நீட்டி மடக்கச் சொல்லிட்டு, ரெண்டு காலுக்கும் போற ரத்தத்தையும் வர்ற ரத்தத்தையும் தனித்தனியா அளந்தாங்க. வேலை செஞ்ச காலுலேர்ந்துதான் அந்தப் பொருள் வெளிய வந்துச்சு. சும்மா இருந்த கால் சும்மாவே இருந்துச்சு. ஒரே ஆளு, ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, ஆனா ஒரு கால் சேதி அனுப்புது, இன்னொண்ணு வாயத் தொறக்கல. தசை தன்கிட்ட இருப்பு சரக்கு குறையுதுன்னு ஈரலுக்கும் கொழுப்புக்கும் ஆள் விடுற மாதிரி, சர்க்கரைய எடுத்து விடு, கொழுப்ப உடைச்சு விடுன்னு. 2003-ல இந்த மாதிரி தசை விடுற தூதுங்களுக்கு மயோகைன்னு பேர் வச்சாங்க.

ஐரிசின் அதுக்கப்புறம் வந்தது. 2012 ஜனவரி, பாஸ்டன்ல டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துல புரூஸ் ஸ்பீகல்மனோட ஆய்வுக்கூடம். தசை வேலை செய்யும்போது அதுக்குள்ள பிஜிசி-1 ஆல்ஃபான்னு ஒரு மேஸ்திரி முழிச்சுக்கறான், அவன் எஃப்என்டிசி5-ன்னு ஒரு புரதத்த செய்யச் சொல்றான், அதுல ஒரு துண்டு வெட்டுப்பட்டு ரத்தத்துல கலக்குது, அந்தத் துண்டுதான் ஐரிசின். ஐரிஸ்ங்கிறது கிரேக்கக் கதைல தூது போற வானவில் தேவதை. நம்மாளுங்க அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் தூது விட்ட மாதிரி அவங்களுக்கு வானவில்லு. எலியில இது என்ன பண்ணுச்சுன்னா வெள்ளைக் கொழுப்ப பழுப்புக் கொழுப்பு மாதிரி நடந்துக்க வச்சுது.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். வெள்ளைக் கொழுப்பு சேத்து வைக்கிற கொழுப்பு, நம்ம தொப்பைல இருக்கறது. பழுப்புக் கொழுப்பு எரிக்கிற கொழுப்பு, குளிருல உடம்ப சூடாக்கறதுக்கு. பச்சப்புள்ளைங்களுக்கு மட்டும்தான் அது இருக்கும்னு ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தாங்க, 2009-லதான் பெரியவங்களுக்கும் கழுத்து, காறை எலும்புப் பக்கம் வேலை செய்யற நிலைமைல இருக்குன்னு ஸ்கேன்ல உறுதியாச்சு. அதைத் தட்டி எழுப்புறது குளிர். சிங்கப்பூர்ல குளிருக்கு எங்க போறது, எங்க ஆபீஸ் ஏசிய விட்டா. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வேலை பாக்குறதுக்கு பதிலா அப்படியே நடுங்கிக்கிட்டு இருந்தா இளைச்சிருப்பனோ என்னவோ.

இப்ப காபிக்கு வருவோம், அந்த சாஷே விளம்பரம் கோத்த மாலைய ஒவ்வொரு மணியா உருவிப் பாக்கலாம். தசை சுருங்கணும்னா செல்லுக்குள்ள ஒரு கிடங்குல இருக்குற கால்சியம் வெளிய வரணும். மூளைலேர்ந்து நரம்பு வழியா ஆர்டர் வந்ததும் கிடங்குக் கதவு தொறக்கும், கால்சியம் கொட்டும், தசை இழுக்கும், அந்தக் கால்சியத்தப் பாத்துத்தான் மேஸ்திரி பிஜிசி-1 ஆல்ஃபாவும் முழிச்சுக்கறான். கஃபீனுக்கு அதே கதவ நேரா தொறக்கத் தெரியும், இது லேப்ல பல வருஷமா தெரிஞ்ச விஷயம். தசை செல்ல தட்டுல வளத்து கஃபீன ஊத்தினா, ஓடாமலே ஆடாமலே, ஓடின மாதிரி அந்த மேஸ்திரி எந்திரிக்கிறான். அப்ப காபி, கால்சியம், மேஸ்திரி, ஐரிசின், பழுப்புக் கொழுப்பு. ஒவ்வொரு கண்ணியும் எங்கயோ ஒரு ஆய்வுக்கூடத்துல நெசம். அதனாலதான் இந்த விளம்பரத்த முழுப் பொய்னு தள்ளவும் முடியல.

எங்க அறுந்து போகுதுன்னா அளவுல. தட்டுல ஊத்துற கஃபீனும் நம்ம ரத்தத்துல ரெண்டு கோப்பிக்கு அப்புறம் ஓடுற கஃபீனும் ஒண்ணு இல்ல, நூறு மடங்குக்கும் மேல வித்தியாசம். அந்தத் தட்டு அளவுக்கு ரத்தத்துல ஏத்தணும்னா, ஏறி முடியறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆளு போய்ச் சேந்துருப்பான். எலும்பு தேயத் தேய கோப்பி குடிச்சாலும் அந்தக் கிடங்குக் கதவ கோப்பி தொறக்காது. நரம்பு வந்து தட்டணும், அதாவது நீங்க எந்திரிச்சு நடக்கணும்.

ஐரிசின் மேலயே சண்டை நடந்துச்சுங்கறதையும் சொல்லிடணும். எலிக்கு அந்த மரபணு ஆரம்பிக்கிற எழுத்து ஒரு மாதிரி, மனுஷனுக்கு வேற மாதிரி, அதனால மனுஷன் உடம்புல இது சரியா உருவாகவே செய்யாதுன்னு சில பேரு சொன்னாங்க. அளக்கறதுக்கு வித்த கிட்டெல்லாம் ஐரிசின விட்டுட்டு வேற எதையெதையோ புடிச்சு எண்ணிக்கை காட்டுதுன்னு இன்னும் சில பேரு, ஐரிசின் வெறும் கட்டுக்கதைன்னு 2015-ல ஒரு கட்டுரையே வந்துச்சு. அதே வருஷம் ஸ்பீகல்மன் குழு எடைய வச்சு மூலக்கூறு எண்ணுற மெஷின்ல போட்டு அளந்து பாத்துட்டு, மனுஷ ரத்தத்துல இருக்கு, சும்மா உக்காந்திருக்குறவங்களுக்கு மில்லிக்கு 3.6 நானோகிராம், பயிற்சி பண்றவங்களுக்கு 4.3-ன்னு சொன்னாங்க. இருக்கு, ஏறுது, ஆனா கொட்டோ கொட்டுன்னு கொட்டல. அந்தச் சின்ன வித்தியாசத்த வச்சு டப்பா விக்கிறவங்க தைரியத்த நெனச்சா கும்பிடத் தோணுது.

சரி, அப்ப கோப்பி உடம்புல என்னதான் பண்ணுது? நான் என் பசங்களுக்குச் சொன்ன மாதிரியே சொல்றேன். சாப்பாட்டுக்கடைங்க இருக்குற ஹாக்கர் சென்டர்ல டிஷ்யூ பாக்கெட்ட மேசைல வச்சு சீட்ட 'சோப்' பண்ணுவோம்ல, அதாவது முன்னாடியே புடிச்சு வைப்போம்ல, அதேதான். வேலை செய்யச் செய்ய உடம்புல அடினோசின்னு ஒண்ணு சேரும், அது மூளைல தனக்குன்னு இருக்குற சீட்ல உக்காந்தா நமக்கு அசதி, தூக்கம். கஃபீன் முன்னாடியே போயி அந்த சீட்ல டிஷ்யூவ வச்சிடுது. அடினோசின் ட்ரேயைத் தூக்கிக்கிட்டு உக்கார இடம் இல்லாம நிக்குது. அசதி போகல, நின்னுக்கிட்டிருக்கு. அதோட அட்ரினலின் ஏறும், கொழுப்புக் கிடங்குலேர்ந்து கொஞ்சம் கொழுப்பு கரைஞ்சு ரத்தத்துக்கு வரும். இதத்தான் "கொழுப்ப கரைக்கும்"னு எழுதுறாங்க. கரைஞ்சது எங்க போகுதுன்னு யாரும் எழுதறதில்ல. எரிக்க ஆள் இருந்தா எரியும், அந்த ஆளு தசை. நாற்காலில உக்காந்திருந்தா அது ஊர் சுத்திட்டு திரும்ப வீட்டுக்கே வந்து படுத்துக்கும்.

மெட்டபாலிசத்த ஏத்துமான்னா ஏத்தும். 1989-ல அப்துல் டுல்லுவும் கூட இருந்தவங்களும் 100 மில்லிகிராம் கஃபீன் கொடுத்து அளந்தாங்க, சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கிறது ரெண்டரை மணி நேரத்துக்கு 3 லேர்ந்து 4 சதவீதம் கூடுச்சு. கணக்குப் போட்டுப் பாத்தேன். என் உடம்பு சும்மா இருந்தா மணிக்கு 70 கலோரி சுமார், ரெண்டரை மணிக்கு 175, அதுல 3.5 சதவீதம்னா ஆறு கலோரி. ஆறு! மாமா வழிச்சு வாயில போட்டுக்கற அந்த கண்டென்ஸ்டு மில்க் ஒரு பெரிய ஸ்பூனு 60 கலோரிக்கு மேல வரும். 2019-ல நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்துல ஒரு கப் காபி குடிச்சவங்க கழுத்த சூடு காட்டுற கேமரால புடிச்சு, பழுப்புக் கொழுப்பு இருக்குற இடம் சூடாகுதுன்னு காட்டினாங்க, உலகம் பூரா செய்தி போட்டுச்சு, எனக்கும் வாட்ஸப்ல நாலு பேரு அனுப்பினாங்க. சோதனைல இருந்தவங்க பத்துப் பேரு கூட இல்ல.

நம்ம ஊர் ஆராய்ச்சிதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. சிங்கப்பூர்ல 36,908 சீனர்கள வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்ததுல, நாலு கப்போ அதுக்கு மேலயோ காபி குடிக்கிறவங்களுக்கு டயபட்டீஸ் வர்ற வாய்ப்பு 30 சதவீதம் குறைவா தெரிஞ்சுது, 2008-ல வெளிவந்தது. சரி, அப்ப காபிதான் காப்பாத்துதா, இல்ல காபி குடிக்கிறவங்க வேற எதுனாலயோ தப்பிக்கிறாங்களான்னு பாக்கணும்ல. அதுக்கு இங்கயே ஒரு சோதனை நடந்துச்சு, 2020-ல கட்டுரையா வந்துச்சு. எடை கூடுதலா இருக்குற, இன்சுலின் சரியா பேசாத 126 பேரு, சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூணு பேருமே அதுல உண்டு. பாதிப் பேருக்கு தினமும் நாலு கப் இன்ஸ்டன்ட் காபி, மீதிப் பேருக்கு காபி மாதிரியே இருக்குற டூப்ளிகேட் பானம், 24 வாரம். முடிவுல இன்சுலின் உணர்திறன்ல மாத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா காபி குடிச்சவங்களுக்கு உடம்புக் கொழுப்பு 3.7 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. நான் அதப் படிச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சிட்டு இருந்தேன். ஆறு மாசம் நாலு கப் குடிச்சும் சர்க்கரைய உள்ள இழுக்குற வேலைல ஒரு மாத்தமும் இல்லன்னா, அந்த வேலைய செய்யறது யாரு?

அதுக்குப் பதில்தான் சதை. சாப்பிட்ட பிறகு இன்சுலின் சொல்லி ரத்தத்துலேர்ந்து வெளிய போற சர்க்கரைல பெரும்பங்க வாங்கிக்கறது எலும்போட ஒட்டின தசை. இன்னொரு சங்கதி என்னன்னா, தசை சுருங்கும்போது இன்சுலின் சொல்லாமலே தன் கதவத் தொறந்து சர்க்கரைய உள்ள இழுத்துக்கும். இன்சுலின் பேச்சு எடுபடாதவங்களுக்கும் அந்தப் பின்வாசல் தொறக்கும். நம்ம ஆளுங்களுக்கு அந்த வீடே சின்னது. புனேல யாஜ்னிக்னு ஒரு டாக்டரு, லண்டன்ல யுட்கின்னு ஒரு டாக்டரு, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு எடுத்த படம் 2004-ல லான்செட் இதழ்ல வந்துச்சு. உயரத்துக்கு எடை சரியான்னு சொல்ற பிஎம்ஐ ரெண்டு பேருக்கும் 22.3, அச்சு ஒண்ணு. உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பாத்தா ரெண்டு பேருமே ஒல்லி.

தமிழ்ல இதுக்கு ஒரு சிக்கல் இருக்கு. நாம கொழுப்பையும் சதைங்கறோம், தசையையும் சதைங்கறோம். ஊருக்குப் போனா அத்தை கன்னத்தக் கிள்ளி "சிங்கப்பூர் தண்ணி ஒத்துக்கிச்சு, சதை போட்டிருக்க"ன்னு சந்தோஷப்படுவாங்க. போட்டது எந்தச் சதைன்னு கேட்க முடியுமா. எனக்கு 70 கிலோ, கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் முன்னாடி நடக்கும். மாமாவுக்கு 66 கிலோ, ஆனா லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு அவரு படியேறும்போது பின்னாடி நின்னு அந்தக் கெண்டைக்காலப் பாக்கணும், ஒவ்வொண்ணும் உரிச்ச தேங்கா மாதிரி. அவரு ஒம்பதாவது மாடி. லிஃப்ட் லேட்டானா நின்னு சபிக்க மாட்டாரு, படில ஏறிடுவாரு. லிட்டில் இந்தியாவுல தேக்கா போயி பத்துக் கிலோ அரிசி வாங்கினா ட்ராலி கேக்க மாட்டாரு, தோள்ல போட்டுக்கிட்டு பஸ் ஏறுவாரு, மாமி திட்டிக்கிட்டே பின்னாடி வருவாங்க.

இதுல மாமாவ ஒரேயடியா தூக்கி வைக்கவும் நான் தயாரா இல்ல. அவரோட மூட்டை தூக்கின கூட்டாளிங்க எத்தனையோ பேரு சுகர் வந்து கால் எடுத்து போய்ச் சேந்துட்டாங்கன்னு அவரே சொல்லுவாரு. 2017 தேசிய தினப் பேருரைல பிரதமர் 9 பேருல ஒருத்தருக்கு டயபட்டீஸ்னு சொன்னப்ப, நம்ம சமூகத்துல அந்தக் கணக்கு இன்னும் மோசம்ங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மாமாவுக்குக் கொஞ்சம் ரத்த பாக்கியம், கொஞ்சம் கெண்டைக்கால்.

எனக்கு எப்ப வந்துச்சுன்னு திரும்பிப் பாத்தா 2020 சர்க்யூட் பிரேக்கர்தான், கொரோனாவுக்காக எல்லாரையும் வீட்டுக்குள்ளயே இருக்கச் சொன்ன நேரம். ஏப்ரல் 7-லேர்ந்து ஜூன் 1 வரைக்கும் படுக்கை அறைலேர்ந்து சோத்து மேசைக்கு, சோத்து மேசைலேர்ந்து படுக்கை அறைக்கு. ஹெல்தி 365 ஆப்ல 9,000 அடி வந்த இடத்துல 1,100, 900-ன்னு காட்டுச்சு. பெடர்சன் குழுவே இதை 2008-ல பண்ணிப் பாத்திருக்கு. தினம் 10,000 அடி நடந்துட்டிருந்த நல்ல ஆரோக்கியமான ஆம்பளைங்கள 1,500-க்கும் கீழ குறைச்சுக்கச் சொன்னாங்க, ரெண்டே வாரத்துல வயித்துக்குள்ள இருக்குற கொழுப்பு 7 சதவீதம் ஏறிடுச்சு. 40 தாண்டினா மெட்டபாலிசம் குறைஞ்சிடும்னு சொல்லிச் சொல்லியே நாம தப்பிச்சுக்கறோம், 2021-ல 6,400 பேருக்கு மேல அளந்து பாத்துட்டு 20-லேர்ந்து 60 வரைக்கும் உடம்பு அளவுக்குத் தகுந்தபடி பாத்தா அது ஒரே மாதிரிதான் இருக்குன்னு சொல்லிட்டாங்க. வயசு மேல பழி போட்டதுக்கு மன்னிப்புக் கேக்கணும். (பள்ளிக்கூடத்துல இதுக்கு வளர்சிதை மாற்றம்னு பேரு, வளர்றது பாதி சிதையறது பாதின்னு எவ்வளவு சரியா வச்சிருக்காங்க பாருங்க, அப்ப மனப்பாடம் பண்ணினதோட சரி.)

என் கோப்பிலயும் தப்பு இருந்துச்சு. சீனி இல்லாததால என்ன வேணாலும் பண்ணலாம்னு நெனச்சேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு கொசோங், அதுவும் காவ், திக்கா. கஃபீன்ல பாதி உடம்ப விட்டுப் போகவே அஞ்சு மணி நேரம் சுமாரா ஆகும், அப்ப பத்து மணிக்கு பாதி கோப்பி என் தலைக்குள்ள உக்காந்திருக்கு. தூக்கம் கெட்டு எந்திரிப்பேன், எந்திரிச்சதும் பல்லு வெளக்கிட்டு வெறும் வயித்துல அடுத்த கொசோங், அதுக்கப்புறம் ரொட்டியோ தோசையோ. இங்கிலாந்துல பாத் பல்கலைக்கழகத்துல 2020-ல இதையேதான் சோதிச்சிருக்காங்க. ராத்திரி தூக்கத்த அடிக்கடி கலைச்சிட்டு, காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி திக்கான கருப்புக் காபி கொடுத்தா, அதுக்கப்புறம் குடிக்கிற சர்க்கரைக்கு ரத்தச் சர்க்கரை சுமார் 50 சதவீதம் கூடுதலா ஏறுது. அட்ரினலின் ஒரு பக்கம் ஏறி நிக்குது, அடினோசினுக்கு சீட் இல்லாததால தசையும் சர்க்கரைய வாங்க மந்தமாயிடுது. என் வீட்டு ஜன்னல் வழியா பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு.

அப்ப காபிய விட்டுட்டேனான்னா இல்ல, நேரத்த மாத்திக்கிட்டேன். 1978-ல டேவிட் காஸ்டில்னு அமெரிக்காக்காரர் சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு கஃபீன் கலந்த காபி கொடுத்தாரு, சராசரியா 75 நிமிஷத்துல களைச்சுப் போனவங்க 90 நிமிஷம் வரைக்கும் மிதிச்சாங்க. கூடுதலா மிதிச்ச அந்தக் கால் மணி நேரத்துல தசை என்னென்ன சேதி அனுப்பியிருக்கும்! ஆறு கலோரிக்காக குடிக்கறத விட இது எவ்வளவோ மேல். கஃபீன் 2004 வரைக்கும் விளையாட்டு வீரர்களுக்குக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருந்ததும் இதனாலதான். இப்ப நான் காலைல மொதல்ல ரெண்டு இட்லி இல்லன்னா முட்டை, அப்புறம் கொசோங், அரை மணி கழிச்சு படி. எங்க புளோக்ல 11 மாடி, மூணு தடவ. கடைசித் தடவ ஏழாவது மாடில நின்னு யார் வீட்டுலயோ வறுக்குற பெலச்சான் (இறால் விழுது) வாசனைய மூச்சு வாங்கிக்கிட்டே குடிப்பேன். வாரத்துல ரெண்டு நாள் ஜிம். மத்தியானம் ஒரு மணிக்கு மேல கோப்பி கிடையாது. போன பரிசோதனைல 5.8.

இந்த 5.8-ஐ மாமாகிட்ட காட்டலாம்னு போனா ஆளக் காணோம். ஈரச்சந்தைல மீன் தண்ணில வழுக்கி விழுந்து இடது கணுக்கால்ல எலும்பு விட்டிருச்சு, ஆறு வாரம் மாவுக்கட்டு. கோப்பிய பிளாஸ்டிக் பைல கட்டி வாங்கிக்கிட்டு ஒம்பதாவது மாடிக்குப் போவேன், அவரு கட்டில்ல உக்காந்து உறிஞ்சுவாரு. கட்டுப் பிரிச்ச அன்னிக்கு நான் பக்கத்துல இருந்தேன். ரெண்டு காலையும் நீட்டிக் காட்டினாரு. வலது காலு அதே தேங்கா. இடது காலுல தோலு தொங்குது, உள்ள முருங்கக்கா மாதிரி எலும்பு. ஒரே ஆளு, ஒரே கோப்பி. கோபன்ஹேகன்ல ஆராய்ச்சிக்காரங்க பாத்தத நான் யீஷூன்ல மூணு ரூம் வீட்ல பாத்துட்டு நின்னேன். சுகர் 6.6-னு வந்திருந்துச்சு, வலி, மருந்து, மனக்கவலை இதுலயும் ஏறும், எல்லாத்தயும் காலு தலைல போட முடியாது, ஆனாலும் மாமி கண்டென்ஸ்டு மில்க் டின்ன எடுத்து அலமாரிக்கு மேல வச்சுட்டாங்க.

"தம்பி, உன் கருப்புத் தண்ணி ஒண்ணு எனக்கும் வாங்கிட்டு வா"ன்னாரு. அதத் தவிர அவரு வேற ஒண்ணும் சொல்லல.

ஃபிசியோ பொண்ணு குதிகாலத் தூக்கி எறக்கச் சொல்லியிருக்கு. ஹூஸ்டன்ல 2022-ல உக்காந்தபடியே மணிக்கணக்குல குதிகாலத் தூக்கி எறக்கச் சொல்லி, கெண்டைக்காலுக்குள்ள இருக்குற சோலியஸ் தசை ஒண்ண மட்டும் வேலை வாங்கியே சாப்பாட்டுக்கப்புறம் ஏறுற சர்க்கரைய பாதியா குறைச்சாங்கன்னு நான் மாமாகிட்ட சொன்னேன், அந்தத் தசை உடம்பு எடைல 1 சதவீதம்தான் மாமான்னும் சொன்னேன். சின்ன சோதனை, இன்னும் நிறைய பேரு பண்ணிப் பாக்கணும்னும் சேத்துத்தான் சொன்னேன். அவரு காதுல வாங்கின மாதிரி தெரியல. காரிடார் கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னாரு, கீழ கார்ப்பார்க், எதிர்ல அடுத்த புளோக்கு, துறைமுகத்துல மூட்டை எண்ணுற மாதிரி மலாய்ல சத்தமா ஒண்ணு, ரெண்டு, மூணு ஆரம்பிச்சாரு, சத்து, டுவா, தீகா. ஃபிசியோ சொன்னது பத்து. இருபதுல நான் போதும் மாமான்னேன், அவரு என் பக்கம் திரும்பவே இல்ல. இடது கால் நடுங்குது, குதிகால் தரைலேர்ந்து ஒரு விரக்கடை கூட எழும்பல, ஆனா எழும்புது. கோப்பிப் பை என் விரல்ல தொங்கி ஆறிக்கிட்டிருந்துச்சு.